எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சிறு குழந்தைகளுடன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை எழும்பூர், பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு என் மகளை முதன்முதலில் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்கு இரண்டரை வயது. இப்போது ஏழு முடிந்துவிட்டது. இடையில் எத்தனை முறை போனோம் என்று கணக்கு வைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டாரும் அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த வயதில் அழைத்துப் போகலாம்?

நடக்கத் தெரிந்து, தான் கண்டதை விரல் நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டால் போதும். "இந்த வயதில் என்ன புரியும்?" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோழர் காலம் புரிய வேண்டியதில்லை. யானை எவ்வளவு பெரியது, அதற்குப் பக்கத்தில் தான் எவ்வளவு சிறியது என்பது புரிந்தால் அந்த வயதுக்கு அதுவே பெரிய பாடம்.

நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரை பொற்காலம். கேள்வி வந்துகொண்டே இருக்கும். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் இன்னும் வந்திருக்காது.

எந்த நாள், எந்த நேரம்?

வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது என்று ஆசையாகக் கிளம்பிப் போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் நிறைய. குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற தேசிய விடுமுறைகளிலும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை.

சிறு குழந்தைகளோடு போவோர் காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. வெயில் ஏறியிருக்காது. குழந்தை வயிறு நிறைந்து, தூக்கம் தீர்ந்து உற்சாகமாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று திட்டமிட்டால் பாதிக் கூடத்தைத் தோளில் தூங்கும் குழந்தையோடுதான் பார்ப்பீர்கள்.

எப்படிப் போவது?

புறநகர் ரயிலோ மெட்ரோவோ, எழும்பூர் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்தும் போகலாம். ஆனால் சிறு குழந்தையின் கால் வலுவை அந்த நடையில் செலவழித்துவிடாதீர்கள், ஆட்டோ பிடித்துவிடுங்கள். உள்ளே நடக்க வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது.

எல்லாவற்றையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறு கட்டடங்கள், 46 கூடங்கள், 16 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம். பெரியவர் ஒருவர் தனியாகப் போனாலே ஒரு நாள் போதாது. குழந்தையோடு போகும்போது "எல்லாவற்றையும்" என்ற சொல்லையே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என் கணக்கு இது: ஒரு முறைக்கு மூன்று பொருட்கள், இரண்டு மணி நேரம். நான் சொல்வது மூன்று பொருட்கள், மூன்று கூடங்கள் என்று படித்துவிடாதீர்கள். அந்த மூன்றின் முன்னால் நின்று, உட்கார்ந்து, சுற்றிவந்து, திரும்பிப் போய், மறுபடி வந்து பார்க்கவேண்டும். வழியில் கண்ணில் படுபவை படட்டும். "அதையும் பார், இதையும் பார், சீக்கிரம் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பெற்றோரை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். அந்தப் பிள்ளைகள் வெளியே வரும்போது முகத்தில் களைப்பு மட்டுமே இருக்கிறது. அவர்களுக்காக எனக்கு மனம் வலிக்கிறது. அவ்வளவு தூரம் அழைத்துவந்த பெற்றோருக்காகவும்தான்.

எந்த மூன்று பொருட்கள்?

அதை உங்கள் பிள்ளைதான் முடிவுசெய்யும். தொடங்குவதற்கு ஒரு வழி வேண்டும் என்றால், எங்கள் வீட்டுக்கு வாய்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, விலங்கியல் பகுதியில் உள்ள திமிங்கலத்தின் எலும்புக்கூடு. 1874-இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 18 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய ஒன்றரை மாநகரப் பஸ். ஆனால் இந்த எண்ணைக் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "தலையிலிருந்து வால் வரை உன் அடியில் எத்தனை அடி என்று எண்ணிப் பார்" என்று விடுங்கள். என் மகள் ஐந்து வயதில் பாதி வழியில் எண்ணிக்கை தப்பி, மறுபடி தலைப்பக்கம் ஓடி, மூன்றாம் முறை முடித்தாள். பிறகு பக்கத்துடுப்பின் எலும்புகளைக் காட்டினேன். துடுப்புக்குள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் அமைப்பே இருக்கிறது. அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். "இது மீன் இல்லையா?" என்றாள். திமிங்கலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் உயிர் என்று அன்றைக்குச் சொன்னது இன்றுவரை மறக்கவில்லை. புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்களில் உள்ள யானை வட்டம். ஆந்திரத்தின் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. 1840களில் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி லண்டன் போய்விட்டது. மிச்சமும் பின்னால் கிடைத்தவையும் இங்கே இருக்கின்றன. அவற்றுள் நளகிரி என்ற மதயானையின் கதையைச் சொல்லும் வட்டப் பலகை ஒன்று உண்டு. புத்தரைக் கொல்லக் கள் ஊட்டித் தெருவில் அவிழ்த்துவிடப்பட்ட யானை, அவர் முன்னால் வந்ததும் அடங்கி மண்டியிட்ட கதை. "எத்தனை யானை இருக்கிறது?" என்று கேளுங்கள். எல்லாக் குழந்தைகளும் "இரண்டு" என்றுதான் சொல்லும். "நன்றாகப் பார், ஒன்றா இரண்டா?" என்று மறுபடி கேளுங்கள். ஒரு பக்கம் ஆளைத் தூக்கி வீசுகிற யானையும், மறுபக்கம் மண்டியிட்டிருக்கிற யானையும் ஒரே யானைதான். ஒரே வட்டத்துக்குள் முன்பு நடந்ததும் பின்பு நடந்ததும் சேர்ந்திருக்கிறது. படக்கதை படிக்கும் குழந்தைக்கு இது சட்டென்று பிடிபடும், பெரியவர்களுக்குத்தான் சற்று நேரமாகிறது. மேலே மாடத்தில் நின்று எட்டிப்பார்ப்பவர்களையும், பயத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக்கொள்ளும் பெண்ணையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது, செப்புத் திருமேனிகளில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. "இவருக்கு எத்தனை கை?" என்ற ஒரே கேள்வி போதும். மூன்று கை. சிவன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. ஏன் அப்படி என்று குழந்தை கேட்டதும் இடது பக்கமும் வலது பக்கமும் ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்லுங்கள்: காதணி, இடுப்பின் வளைவு, காலில் ஆடை எதுவரை வருகிறது. வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தச் சிலையை விட்டு நகரமாட்டார்கள். பக்கத்திலேயே புகழ்பெற்ற திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார் என்று அவசரப்படவேண்டாம். அவரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

சில கூடங்கள் அவ்வப்போது பராமரிப்புக்காக மூடியிருக்கும். நுழைவாயிலில் டிக்கெட் வாங்கும்போதே எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்கேற்பக் குழந்தையிடம் வாக்குக் கொடுங்கள். திமிங்கலம் என்று சொல்லி அழைத்துவந்துவிட்டுப் பூட்டிய கதவைக் காட்டினால் சமாதானம் செய்வது கடினம்.

வளாகத்துக்குள்ளேயே சிறுவர் அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கேயே நேராகப் போய்விடலாமா?

போகலாம். வெளியே டைனோசர் உருவங்கள் நிற்கின்றன, பிள்ளைகளின் கால் தானாக அங்கே ஓடும். உள்ளே பல ஊர், பல நாட்டு உடைகளில் பொம்மைகளும் பழைய நாகரிகங்களைக் காட்டும் காட்சிகளும் உண்டு. கொலு பார்த்துப் பழகிய குழந்தைகளுக்கு அந்தப் பொம்மை வரிசை உடனே பிடித்துவிடும்.

ஆனாலும் நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். "சிறுவர்" என்று பெயர் இருப்பதால் மற்றக் கட்டடங்கள் குழந்தைகளுக்கானவை அல்ல என்று ஆகிவிடாது. திமிங்கலமும் மதயானையும் மூன்று கை உருவமும் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே நெருக்கமானவை.

எதையும் தொடக்கூடாது என்றால் குழந்தையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. குழந்தை கையால்தான் பார்க்கிறது. இந்த உண்மையை உணர்ந்து உருவானவைதான் சிறுவர் அருங்காட்சியகங்கள். உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. 1960களில் பாஸ்டன் சிறுவர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்போக், பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிள்ளைகள் கையாளும்படி வைத்தார். இன்று பல நாடுகளில் ஏறி, இழுத்து, அழுத்தி, நனைத்து விளையாடும் கூடங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழும்பூரில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல, தொட முடியாது. ஏன் என்று குழந்தைக்குச் சொல்லுங்கள். "மாமா திட்டுவார்" என்று காவலரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். வேறோர் ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில் என் தங்கை மகனை ஒருவர் அதட்டியதில், அவன் அதன் பிறகு ஓர் ஆண்டு எந்த அருங்காட்சியகத்துக்கும் வரமாட்டேன் என்றான். உண்மைக் காரணம் எளிமையானது: நம் கையில் வியர்வை உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கின்றன. உப்பு செம்பை மெல்ல அரிக்கும். ஒருவர் தொட்டால் தெரியாது, ஆயிரம் பேர் தொட்டால் சிலையின் மூக்கு மழுங்கிவிடும். வீட்டில் துலக்கிய பித்தளை விளக்கைக் குழந்தையின் கையில் கொடுத்து நன்றாகத் தடவச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து விரல் பட்ட இடம் கறுத்திருப்பதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலையைப் பார்த்தாள், நான் சொல்லாமலே.

கைக்கும் ஏதாவது வேண்டுமே. நான் ஒரு சிறு துணிப்பையில் ஒரு சங்கு, ஓர் உடைந்த மண்சட்டித் துண்டு, ஒரு செப்புக் காசு, ஒரு பறவை இறகு எடுத்துப்போவேன். கண்ணாடிக்குள் பானையைப் பார்க்கும்போது கையில் ஓட்டுத்துண்டு இருக்கும்.

பாடம் செய்த விலங்குகளைப் பார்த்து "இது செத்துப்போச்சா?" என்று கேட்டால்?

"ஆமாம்" என்று சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொல்லாதீர்கள், பிறகு தூங்குவதற்கே பயப்படும். இறந்த விலங்கின் தோலைக் கெடாமல் பதப்படுத்தி, உள்ளே வடிவம் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் இங்கே இருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது கிடைத்தவை சென்னைக்கு வந்தன. "இவ்வளவு பெரிய பானையில் என்ன சமைத்தார்கள்?" என்றாள் என் மகள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள், கூடவே அவர்கள் பயன்படுத்திய பொருட்களையும் வைத்தார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தாவுக்கு மூக்குக்கண்ணாடி வைத்தோமா?" என்று கேட்டாள். என் அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தாழிக்கு முன்னால் நின்றுகொண்டு நாங்கள் இருவரும் முதன்முறையாகத் தாத்தாவைப் பற்றிப் பேசினோம். இதற்குப் பயந்து குழந்தையை வேறு பக்கம் திருப்பாதீர்கள்.

எங்கள் பாட்டி இந்த இடத்தை "செத்த காலேஜ்" என்கிறாரே, ஏன்?

பாட்டியைக் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள்! பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் "செத்த காலேஜ்" என்றும், மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொன்னார்கள். 1851-இல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். "காலேஜ்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான் போலும். 1854-இல்தான் எழும்பூருக்கு வந்தது. பாந்தியன் என்பது வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய பழைய மாளிகையின் பெயர், சாலைக்கும் அதுவே பெயராயிற்று.

முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்குகளைக் காட்டினால் கூட்டம் பெருகுகிறது என்று கண்டு, 1855-இல் இந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். பின்னர் அது சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போய், 1985-இல் வண்டலூரில் நிலைபெற்றது. ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒருகாலத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. "இங்கே புலி இருந்ததா, நிஜப் புலியா?" என்று பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள்.

சாப்பாடு, தள்ளுவண்டி, கழிப்பறை?

பழைய கட்டடங்கள், படிகள் நிறைய. தள்ளுவண்டி சுமையாகிவிடும், இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணித்தூளி உதவும். தண்ணீர் எடுத்துப்போங்கள். கூடங்களுக்குள் தின்பண்டம் வேண்டாம், வெளியே மரநிழலில் கொடுக்கலாம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கழிப்பறைக்குக் குழந்தை கேட்கும்வரை காத்திருக்காமல், கட்டடம் மாறும்போதே அழைத்துப் போய்விடுங்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏழு வயதும் மூன்று வயதும் சேர்ந்து போனால்?

பெரியவர் இருவர் இருந்தால் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர்தான் என்றால் மூத்தவனுக்கு வழிகாட்டி வேலை கொடுங்கள். தங்கைக்குச் சொல்வதற்காக அவன் கூடுதலாகக் கவனிப்பான், தவறாகச் சொன்னாலும் அங்கேயே திருத்தவேண்டாம்.

எங்களுக்கே வரலாறு ஒன்றும் தெரியாதே, என்ன சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். "இதைச் செய்தவருக்கு எந்த இடம் கடினமாக இருந்திருக்கும்?" "இதை உன்னால் தூக்க முடியுமா?" பெயர்ப்பலகையை உரக்கப் படித்துக்காட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தை பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் குரல் குறுக்கே விழுகிறது. தெரியாததை வீட்டுக்கு வந்து சேர்ந்து தேடலாம்.

புகைப்படம்?

கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படத்தைவிட ஒரு பென்சிலும் நோட்டும் நல்லது. மூன்று வயதுக் குழந்தை வரைந்த திமிங்கலம் வெறும் கோடுதான். ஆனால் அந்தக் கோடு நோட்டின் இரண்டு பக்கத்தையும் தாண்டிப் போயிருக்கும்.

பாதியில் அழுது அடம்பிடித்தால்?

வெளியே வந்துவிடுங்கள். மரத்தடியில் உட்காருங்கள், பீரங்கிகளைப் பாருங்கள், இன்னும் அழுதால் வீட்டுக்குப் போங்கள். டிக்கெட் காசு வீணாகிவிட்டதே என்று நினைக்கவேண்டாம், ஒரு பொருளைப் பார்த்திருந்தாலும் போதும்.

தொட்டு விளையாட இடம் சென்னையில் வேறு இல்லையா?

கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இழுத்தும் சுழற்றியும் பார்க்கும் கருவிகள் அங்கே உண்டு. ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்குப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம், பழைய எஞ்சின்களை அருகில் நின்று பார்க்கலாம். ஒரே நாளில் இரண்டு இடம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது?

அன்றைக்கே எதுவும் வேண்டாம். "என்னவெல்லாம் பார்த்தாய், மாமாவுக்குச் சொல்" என்று தேர்வு வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதுவாகவே வரும், பெரும்பாலும் குளிக்கும்போதோ சாப்பிடும்போதோ.

செப்புத் திருமேனி பார்த்துவந்த வாரத்தில் நாங்கள் ஒன்று செய்தோம். சோழர் காலத்துச் சிற்பி முதலில் மெழுகில் உருவம் செய்வார். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுடுவார். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்கூட்டை உடைத்து உருவத்தை எடுப்பார். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். அதை அப்படியே வீட்டில் செய்ய முடியாது. கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவில் ஒரு பொம்மை மீனை அழுத்தி எடுத்தோம். அந்தப் பள்ளத்தில், பழைய மெழுகுவர்த்தியை உருக்கி நான் ஊற்றினேன். அவள் தள்ளி நின்று பார்த்தாள். ஆறியதும் மாவைப் பிய்க்கச் சொன்னேன். மீன் வந்தது, வால் சற்றே கோணலாக. மாவு அச்சு துண்டு துண்டாகிவிட்டது.

"இன்னொரு மீன் வேண்டும்" என்றாள். அச்சு உடைந்துவிட்டதே, முதலிலிருந்து செய்யவேண்டும் என்றேன். கையிலிருந்த மாவுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்படியென்றால் அந்த மூன்று கைச் சாமி உலகத்திலேயே ஒன்றுதானா?"